பெயரும் தீர்ப்பும்: இறகுவிண்மீன் வகைப்பாட்டின் வரலாறு

ஆழ்கடலிலிருந்து இழுவலையில் வந்துசேரும் அறியப்படாத உயிரொன்றுக்குப் பெயரிடுதல் எளிய செயல்போலத் தோன்றும். உருவத்தை வரைந்து, உறுப்புகளை எண்ணி, முன்னறிந்த இனங்களோடு ஒப்பிட்டு, ஒன்றுடனும் ஒவ்வாதாயின் புதிய இனமென அறிவித்தலே அம்முறை. ஆயின், எவ்வுறுப்பை எண்ணுவது, எவ்வேறுபாட்டைப் பெரிதெனக் கொள்வது என்னும் வினாக்களுக்கான விடை மாதிரியில் எழுதப்பட்டிருப்பதில்லை. அது ஆய்வாளரின் தீர்ப்பாகும். அத்தீர்ப்பு மாறிவந்த வரலாற்றை இறகுவிண்மீன்களைக்கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறகுவிண்மீன்கள் முட்தோலிக் கணத்தைச் சேர்ந்தவை, நட்சத்திரமீன்களுக்கு உறவானவை. சிறு கிண்ணம் போன்ற உடலினின்றும் இறகையொத்த கைகள் விரிந்து, நீரில் மிதந்துவரும் உணவுத் துணிக்கைகளைத் திரட்டும்.

அயர்லாந்தின் கோர்க் நகரில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்த ஜோன் வோகன் தொம்சன், காம்புடைய மிகச் சிறிய உயிரொன்றை 1827இல் பென்ராகிரைனஸ் யூரோப்பியஸ் என்னும் புதிய இனமாக விவரித்தார். 1836இல் அவரே அதனைத் திருத்தினார். தாம் பெயரிட்டது தனியினமன்று, முன்னரே அறியப்பட்டிருந்த இறகுவிண்மீனின் இளநிலையே என அவர் கண்டார். இளமையில் காம்பினால் நிலைத்து நிற்கும் இவ்வுயிர், வளர்ந்தபின் காம்பினின்றும் விடுபட்டுவிடுகின்றது. கரையோரத்து உயிராதலின், அதன் வளர்ச்சியைத் தொடர்ந்து நோக்க அவருக்கு இயன்றது.

ஆழ்கடல் உயிரை ஆராய்வோருக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 1872 திசெம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு 1876 மே மாதத்தில் மீண்ட சலஞ்சர் என்னும் பிரித்தானிய ஆய்வுக்கப்பல் சேகரித்த இறகுவிண்மீன்களை ஈற்றன் கல்லூரி ஆசிரியரான பிலிப் ஹேர்பேட் காப்பென்ரர் ஆராய்ந்தார். அப்பயணத்தில் அவர் பங்குபற்றவில்லை. உயிரற்ற மாதிரிகளே அவர்முன் இருந்தன. தென்கடலின் கேர்கெலன் தீவின் பெயரால் அவர் கேர்கெலென்சிஸ் எனப் பெயரிட்ட இனத்தில் ஒரு புதுமை இருந்தது. இறகுவிண்மீன்களின் கிண்ணத்தில் கைகளைத் தாங்கும் ஆரைத் தட்டுகள் பொதுவாக ஐந்தே, இதிலோ பத்து. கைகள் இருபது. இவ்வெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு அவர் 1879இல் புரோமாக்கோகிரைனஸ் என்னும் சாதியை நிறுவினார்.

அவர் கண்ட பண்பு உண்மையானதே. ஆயின் அதற்கு அவர் அளித்த பெறுமதி நிலைக்கவில்லை. பத்துத் தட்டுகளுடையன என்பதாலேயே அச்சாதியில் அவர் சேர்த்த வேறிரு இனங்கள் பின்னர் வேறொரு குடும்பத்துக்கு மாற்றப்பட்டன. எண்ணிக்கை ஒத்திருந்தும் உறவு ஒத்திருக்கவில்லை.

கேர்கெலென்சிஸ் மட்டும் அந்தாட்டிக்காவைச் சூழ்ந்து பரவிய ஒரே இனமென நெடுங்காலம் கருதப்பட்டது. அதனுள் ஏழு மரபுவழிகள் அடங்கியிருத்தலை 2012இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. 2023இல் வெளியான ஆய்வு அச்சாதியின் இனங்களை எட்டாக வகுத்தது. அவற்றுள் நான்கு புதியன, கேர்கெலென்சிஸ் ஒன்று, கேர்கெலென்சிஸின் மறுபெயர்களெனத் தள்ளப்பட்டு மீண்டும் ஏற்கப்பட்டவை இரண்டு. எஞ்சிய மௌசனி, பத்துக் கைகளே உடையமையால் முன்னர் வேறொரு சாதியில் வைக்கப்பட்டிருந்த இனமாகும். எண்ணிக்கை வேறுபட்டிருந்தும் உறவு நெருங்கியதாயிற்று. இங்ஙனம், சாதியை நிறுவிய அடையாளம் இருபுறத்தாலும் தளர்ந்தது.

உருவநோக்கு இதனாற் பயனற்றதாகிவிடவில்லை. புதிய இனங்களுள் ஒன்று, பற்றுறுப்புகள் நீங்கிய அடித்தழும்புகளோடு ஸ்ரோபெரிப் பழத்தை ஒத்திருத்தலால் பிரகாரியஸ் எனப் பெயர் பெற்றது. மரபணு பிரித்துக் காட்டியதைக் கண் மீண்டும் தேடிக் கண்டது எனலாம்.

இப்பிரிப்பு வெறும் பெயர்ச்சண்டையன்று. பரந்து வாழும் ஓரினத்துக்கு நேரும் உள்ளூர் இழப்பைப் பிறவிடத்திலுள்ளவை ஈடுசெய்யக்கூடும். ஓரிடத்தே ஒதுங்கிய இனத்துக்கு அவ்வாய்ப்பில்லை. எத்தனை இனங்கள் உளவென அறியாதவிடத்து, எதனை இழக்கின்றோம் என்பதும் அறியப்படாது. தொம்சன் தம் தீர்ப்பைத் தாமே திருத்தினார். காப்பென்ரரின் தீர்ப்பைப் பின்வந்தோர் திருத்தினர். இருவரும் தாம் கண்டதை மறைவின்றி விவரித்து வைத்தமையே அத்திருத்தங்களுக்கு வழிவகுத்தது.