பெருந்தமனிப் பிளவினால் ஏற்படும் பக்கவாதம்

பெருந்தமனிப் பிளவினால் ஏற்படும் பக்கவாதம் என்பது, இதயத்திலிருந்து உடலுக்குக் குருதியை எடுத்துச்செல்லும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிவதால், மூளைக்கான குருதியோட்டம் தடைப்பட்டு உண்டாகும் பக்கவாதம் ஆகும். இது அரிதாகவே ஏற்படுகிறது. எனினும், பக்கவாதத்திற்கு வழமையாக அளிக்கப்படும் குருதிக்கட்டி கரைக்கும் மருந்து இந்நோயாளிகளின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், மருந்தளிக்கும் முன்னரே இதனை இனங்காண்பது இன்றியமையாதது.

ஏற்படும் விதம்

பெருந்தமனியின் சுவர் உட்படலம், நடுப்படலம், வெளிப்படலம் என மூன்று அடுக்குகளைக் கொண்டது. உட்படலம் கிழியும்போது, அழுத்தத்துடன் பாயும் குருதி நடுப்படலத்தினுள் புகுந்து அடுக்குகளைப் பிரித்து ஒரு பொய்க்குழாயை உருவாக்குகிறது. இப்பிளவு கழுத்துத் தமனிகளுக்குப் பரவினால், பொய்க்குழாய் உண்மையான குழாயை நெருக்கி அடைக்கிறது. வலக் கழுத்துத் தமனியே கூடுதலாகப் பாதிக்கப்படுவதால், உடலின் இடப்பக்கம் செயலிழப்பது மிகுதி. உயர் இரத்த அழுத்தம் இந்நோயின் முதன்மையான காரணியாகும்.

1970 ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டு வகைப்பாட்டின்படி, ஏறு பெருந்தமனியைப் பாதிக்கும் பிளவு ஏ வகை எனவும், அதனைப் பாதிக்காதது பி வகை எனவும் அழைக்கப்படுகிறது. பக்கவாதம் பெரும்பாலும் ஏ வகையிலேயே ஏற்படுகிறது.

அறிகுறிகள்

* மார்பிலோ முதுகிலோ திடீரெனத் தோன்றும், கிழிப்பது போன்ற கடும் வலி
* இரு கைகளின் இரத்த அழுத்தத்திற்கு இடையே 20 மி.மீ. பாதரசத்திற்கு மேற்பட்ட வேறுபாடு
* ஒரு கையில் நாடித்துடிப்பு குன்றுதல்
* மயக்கம், தாழ் இரத்த அழுத்தம்

சிலருக்கு வலி தோன்றுவதே இல்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களால் வலி இருப்பினும் கூற இயலாது. இதனால் இந்நோய் கவனத்திற்கு வராமல் போவதுண்டு.

குருதிக்கட்டி கரைப்பு மருந்தின் இடர்கள்

அல்டெப்ளேஸ் என்னும் மருந்து 1996 இல் ஐக்கிய அமெரிக்காவில் பக்கவாதத்திற்கு ஒப்புதல் பெற்றது. அறிகுறி தோன்றி நான்கரை மணி நேரத்திற்குள் இது அளிக்கப்படுகிறது. காலந்தாழ்ந்தால் பயன் குறையும் என்பதால் மருத்துவர்கள் விரைந்து முடிவெடுக்க வேண்டியுள்ளது.

பெருந்தமனிப் பிளவில் அடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் பிரிந்த சுவரே அன்றிக் குருதிக்கட்டி அன்று. எனவே மருந்தால் அடைப்பு நீங்குவது அரிது. மாறாக, கிழிந்த சுவரிலிருந்து இதய உறையினுள் குருதி கசிந்து இதயத்தை அழுத்தலாம், பெருந்தமனி வெடிக்கலாம், அவசர அறுவை சிகிச்சையின்போது குருதிப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். ஆகவே, பெருந்தமனி வளைவில் பிளவு இருப்பதாக ஐயம் எழுந்தாலே இம்மருந்தை அளிக்கலாகாது என அமெரிக்க இதயச் சங்கத்தின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

கண்டறிதலும் சிகிச்சையும்

தலைக்கு மட்டும் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனில் பெருந்தமனி தெரியாது. தமனிகளுக்கான சி.டி. ஸ்கேனை மார்பு வரை நீட்டித்து எடுத்தால் பிளவு புலப்படும். இதய மீயொலிச் சோதனையும் உதவும். ஏ வகைப் பிளவிற்கு, கிழிந்த பகுதியை நீக்கிச் செயற்கைக் குழாய் பொருத்தும் அவசர அறுவையே முதன்மையான சிகிச்சையாகும்.