விக்டோரியா பொது அரங்கம், சென்னை

விக்டோரியா பொது அரங்கம் சென்னைப் பார்க் டவுனில், ரிப்பன் மாளிகைக்கும் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் நடுவே உள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம். டவுன் ஹால், வி.பி. ஹால் என்றும் சொல்வார்கள். சென்னைக்கு ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் 1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் விஜயநகரம் ராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். மக்கள் பூங்காவில் 57 கிரவுண்டு நிலத்தை மாநகராட்சி 1886இல் ஓர் அறக்கட்டளைக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை கிரவுண்டுக்கு ஆண்டுக்கு எட்டணா. ராபர்ட் சிஷோம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் 1880களின் கடைசியில் கட்டி முடித்தார். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். இரண்டு தளங்களிலும் ஏறக்குறைய 600 பேர் உட்காரக்கூடிய கூடங்கள், மரத்தாலான ஒரு காலரி, திருவாங்கூர்ப் பாணிக் கூரை போட்ட சதுரக் கோபுரம் என்று வெள்ளைக்கார நகரசபைக் கட்டடமும் மலையாளத்துக் கூரையும் சேர்ந்த கலவை இது.

இந்த அரங்கின் வரலாற்றை ஒரு கட்டடம் சிதைந்து மீண்ட கதையாகவே எழுதுவது வழக்கம். கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இங்கே ஒரு நாடக சபை குடியிருந்த வரை அரங்கு செழித்தது, அது வெளியேறிய பிறகு நலிந்தது. பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபைக்கு நெடுங்காலம் இதுதான் மேடை. சம்பந்த முதலியார் வக்கீல், பிற்பாடு சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதி. நாடகக்காரர் என்றாலே முகம் சுளித்த காலத்தில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டார்கள் என்றால், அதற்கு அந்தச் சபையும் அது ஆடிய இடமும் தந்த கௌரவம் ஒரு காரணம். அரசியல் மேடையில் கொடிகட்டிப் பறந்த எஸ். சத்தியமூர்த்தி அந்தச் சபையின் நடிகர்களில் ஒருவர். 1954இல் சிவாஜி கணேசன் நடித்துத் திரைப்படமாக வந்த ‘மனோகரா’ 1895இல் இந்தச் சபை மேடையேற்றிய நாடகம்தான். மற்றக் கூட்டங்களும் நடந்தன. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே சொற்பொழிவாற்றினார். ஆனால் சொற்பொழிவுக்கு வந்தவர் ஒரு நாள் பேசிவிட்டுப் போனார். ஒத்திகைக்கும் உடுப்புக்கும் திரைச்சீலைக்கும் இடம் கேட்டு ஆண்டுதோறும் அரங்கைப் புழக்கத்தில் வைத்திருந்தது சபைதான். 1936இல் அது மவுண்ட் ரோட்டுக்கு இடம் மாறியது. அப்படி விடாமல் ஆடிய ஒரு சபை அதற்குப் பிறகு இங்கே குடிவரவில்லை.

சினிமாதான் அரங்கைக் கொன்றது என்று மறுப்பார் உண்டு. இந்த மறுப்பு பாதிதான் செல்லும். சென்னையில் சலனப்படம் முதன்முதலில் காட்டப்பட்ட இடங்களில் இந்த அரங்கும் ஒன்று. அதற்குப் பின்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் இங்கே நாடகம் நடந்தது. பேசும் படம் வந்து பல ஆண்டு கழித்து, 1950களிலும் 60களிலும், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா நாடகங்களுக்கு டிக்கெட் கிடைக்காமல் மக்கள் திரும்பிப் போன காலமும் உண்டு. இடம் சரியில்லை என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நாடகம் பார்க்கும் குடும்பங்கள் தெற்கே குடிபெயர்ந்தன. இரவு பத்து மணிக்கு மேல் சென்ட்ரல் வட்டாரத்தில் குடும்பத்தோடு நிற்க யாரும் விரும்பவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் எழும்பூர் அருங்காட்சியக அரங்கத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் நம்பெருமாள் செட்டியார் கட்டியது, 1896இல் முடிந்தது, மயிலாப்பூரிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. அதற்கு அருங்காட்சியகம் என்ற ஒரே நிர்வாகமும், மெட்ராஸ் பிளேயர்ஸ் போல் திரும்பத் திரும்ப வந்து ஆடும் குழுக்களும் இருந்தன. அதனால் அது வி.பி. ஹாலைப் போல் பூட்டிக் கிடக்கவில்லை.

தென்பாண்டி நாட்டைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் நாடகம் என்றால் கொட்டகைதான். ஆடித்தபசு மாதிரித் திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கம்பெனி வரும், கீற்றும் தகரமும் போட்டுக் கொட்டகை எழும், வசூல் குறைந்தால் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை வளர்ந்தது இந்த மண்ணில்தான். அந்தக் கொட்டகைகளில் ஒன்றும் இன்று இல்லை. ஆனால் வள்ளி திருமணம் நாடகம் இன்றும் தென்மாவட்டத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கிறது, ஏனென்றால் ஆடுகிறவர்களுக்குச் சங்கமும் அழைக்கிற ஊர்களும் உண்டு.

வி.பி. ஹாலிலோ ஆடியவர் ஒருவர், சொந்தக்காரர் இன்னொருவர். நிலம் மாநகராட்சியுடையதாகவும், நிர்வாகம் அறக்கட்டளையுடையதாகவும், மேடை வாடகைக்கு எடுத்தவருடையதாகவும் இருந்தன. நில வாடகை ஆண்டுக்கு முப்பது ரூபாய்கூட ஆகாததால் அரங்கை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடி அறக்கட்டளைக்கு இல்லை. முன்பக்கம் ஓட்டலும் கடைகளும் வந்தன. குத்தகை முடியப்போகிற இடத்தில் பணம் போட யாருக்கும் மனம் வராது. 1985இல் குத்தகை முடிந்தது. அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்தது. கட்டடம் மாநகராட்சி கைக்கு வந்த பிறகும் சீரமைப்பு இழுத்துக்கொண்டே போனது. அதே காலத்தில் பக்கத்தில் மெட்ரோ ரயில் சுரங்க நிலையத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில், ஏறக்குறைய 32 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2023இல்தான் முழுமையான புதுப்பிப்பு தொடங்கியது. இந்தக் காலத்துக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது எளிதல்ல. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிர்க்கும். அதனால் பிற்காலப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய தளத்தில் தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தவைத்துச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். உத்திரம் ஒன்று உளுத்தாலும் அதன்மேல் இருப்பதைப் பிரித்துத்தான் மாற்ற முடியும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்று அரிது.

தரைத்தளத்தில் அருங்காட்சியகம், மேல்தளத்தில் நிகழ்ச்சிகளுக்கான அரங்கு என்பது திட்டம். அருங்காட்சியகத்தைக் குறை சொல்ல முடியாது. பராமரிப்புக்குக் கொஞ்சம் வருமானமும், பகலில் ஆள் நடமாட்டமும் அதனால் கிடைக்கும். மேல்தளம்தான் கேள்வி. நாள் வாடகைக்கு விட்டால் புத்தக வெளியீட்டுக்கும் பாராட்டு விழாவுக்கும் கூட்டம் வரும், நாடகக் குழு வராது. ஒரு புது நாடகத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை தேவை, தட்டிகளைப் போட்டுவைக்க அறை தேவை, அரங்கேற்றத்துக்கு மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து தேவை. சுகுண விலாச சபைக்கு இந்த இடம் உதவியது அப்படித்தான். கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் வழியில் வந்த குழுக்களோ சபா நாடகக்காரர்களோ, யாரோ ஒரு சிலருக்கு மேல்தளத்தை ஆண்டு ஒப்பந்தத்தில் குறைந்த வாடகைக்கு விட மாநகராட்சியால் முடியும். பொதுச் சொத்தை ஒருவருக்கே தாரை வார்ப்பதா என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றி எழுதினால் அந்தப் புகாருக்கு இடமிராது. 99 ஆண்டுக் குத்தகையில் மாட்டிக்கொண்ட மாநகராட்சிக்குக் குறுகிய ஒப்பந்தத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.