காயாத களியும் இறுகாத சிலிகோனும்

பிளாஸ்டிசினை உருவாக்கியவர் ஒரு வாத்தியார். பெயர் வில்லியம் ஹார்பட், இங்கிலாந்தின் பாத் நகரில் சித்திரம் படிப்பித்தவர். மாணவர்கள் களிமண்ணில் செய்யும் உருவங்கள் காய்ந்து வெடித்துப் போவது அவருக்குப் பெரிய தொல்லை. 1897இல், தண்ணீரே சேராமல் சுண்ணச் சேர்வையும் வசலினும் கொழுப்பமிலமும் கலந்து, காயாத களி ஒன்றைச் செய்தார். 1899இல் காப்புரிமை கிடைத்தது. 1900இல் பாதம்ப்டன் கிராமத்தில் பழைய மாவு ஆலையொன்றில் தொழிற்சாலை தொடங்கினார். ஜெர்மனியின் மியூனிக் நகரத்து மருந்துக்கடைக்காரர் பிரான்ஸ் கோல்ப் அதற்கு முன்பே இப்படியொரு களியைச் செய்திருந்தார். ஆனாலும் நாம் இன்றும் சொல்லும் பெயர் ஹார்பட் வைத்ததுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். சின்னச் சின்ன பஸ் மாதிரிகள் செய்து விற்கிறார். முன்விளக்கு, பக்கக் கண்ணாடி, சில்லு எல்லாம் விரல் நகத்தளவு. ஒன்றைக் கையால் செய்து, களியில் பாதி புதைத்து, மேலே சிலிகோன் ஊற்றி அச்செடுப்பார். போன மாதம் ஊற்றியது, களி பட்ட இடமெல்லாம் அடுத்த நாளும் தேன் மாதிரிப் பிசுபிசுத்தது. "சாமான் போலியோ சேர்?" என்று கேட்டார். வாங்கிய காசு அவ்வளவும் வீண், கவலை வராமல் இருக்குமா?

சாமானில் பிழையில்லை. களியில் கந்தகம் இருந்திருக்கிறது.

எண்ணெய்க் களி வகுப்பறையோடு நிற்கவில்லை. சிற்பிகளும் கார் வடிவமைப்பாளர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1927இல் ஜெனரல் மோட்டர்ஸில் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய ஹார்லி ஏர்ல், புதுக் கார்களைக் களியிலேயே உருவாக்கிப் பார்த்தவர். இந்த வேலைகளுக்கான களிகள் பலவற்றில் கந்தகத் தூள் சேர்த்தார்கள். களி வழுவழுப்பாக இருக்கும், கத்தியால் சீவினால் கூரான விளிம்பு நிற்கும். அந்தக் காலத்தில் அச்சுக்குப் பாவித்தது பெரும்பாலும் பிளாஸ்டர். அதற்குக் கந்தகத்தோடு எந்தச் சண்டையும் இல்லை.

சிலிகோனின் கதை வேறு. நொட்டிங்ஹாமில் பேராசிரியர் பிரெடெரிக் கிப்பிங், ஹார்பட் காப்புரிமை பெற்ற அதே காலத்தில்தான் சிலிக்கன் சேர்வைகளை ஆராயத் தொடங்கினார். பெயர் வைத்ததும் அவர்தான். ஆனால் இதனால் பெரிய பயன் வரும் என்று அவரே நம்பவில்லை! 1943இல் டவ் கோர்னிங் கம்பனி உருவான பிறகுதான் அது தொழிலானது. 1957இல் அங்கே ஜோன் ஸ்பையர், மிகச் சிறிதளவு பிளாற்றினச் சேர்வையை ஊக்கியாகப் போட்டு இந்த மூலக்கூறுகளை இணைக்கும் வழியை வெளியிட்டார். இன்றைய 'பிளாற்றினம்' வகை சிலிகோன் இறுகுவது அந்த வழியில்தான். பிளாற்றினத்தைக் கந்தகம் பிடித்துக்கொண்டால் ஊக்கி செத்துவிடும். இறுக வேண்டியது இறுகாது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்குப் பிறந்த இரண்டு பொருட்கள் அந்தத் தம்பியின் மேசையில் சந்தித்திருக்கின்றன.

வெள்ளீய ஊக்கி போட்ட சிலிகோனும் உண்டு. அதைக் கந்தகம் தடுக்காது. ஆனால் அது இறுகும்போது அற்ககோல் போன்றவை ஆவியாகி வெளியேறுவதால் அச்சு கொஞ்சம் சுருங்கும். பெரிய சிலைக்கு அது ஒரு பொருட்டில்லை. நகத்தளவு முன்விளக்கு அதற்கான குழியில் சரியாக உட்கார வேண்டுமென்றால் பொருட்டுத்தான். அதனால், சிலிகோனை மாற்றுவதைவிடக் களியை மாற்றுவது நல்லது என்பது என் எண்ணம்.

குயவர் களியைப் பாவிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சிலிகோன் இறுக மணிக்கணக்காகும். அதற்குள் களி காய்ந்து சுருங்கி, பொருளைச் சுற்றி இடைவெளி விடும். அந்த இடைவெளிக்குள் சிலிகோன் இறங்கிவிடும். ஹார்பட்டின் பழைய தொல்லைதான் இதுவும். கந்தகம் சேராதது என்று பொதியில் எழுதியிருக்கும் எண்ணெய்க் களிதான் பொருத்தம். மேலே வார்னிஷ் அடித்துச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், எல்லா நேரமும் கைகொடுக்காது.

பொதியில் ஒன்றும் எழுதாத களி என்றால், கடலையளவு சிலிகோனை அதன் மேல் விட்டு, சொன்ன நேரம் கழித்து உரித்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அந்தக் களியைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள். கந்தகம் சேராத களி நம் பக்கத்துக் கடைகளில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், தம்பிக்கு ஓடர் இருக்கிறது.