பூசாவும் புரவியும்

தலைநகர்வாழ் தமிழர்க்குப் பூசா என்னும் பெயர் புதியதன்று. கரோல்பாகில் குடியிருப்போர் பூசா சாலையை நாள்தோறும் கடக்கின்றனர். ஆயின் பூசா என்பது பீகாரில் உள்ள ஒரு சிற்றூர். 1905இல் அங்கு நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தால் சிதைவுற்று, 1936இல் தில்லிக்குப் பெயர்ந்தபொழுது தன் ஊர்ப்பெயரையும் உடன்கொண்டு வந்தது. அக்கழகம் தோன்றுமுன் அவ்வூர் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் குதிரைப் பண்ணையாக விளங்கியது. குதிரையை இந்நாட்டிலேயே ஈனச் செய்தல் எங்ஙனம் என்பதே அப்பண்ணையின் கவலை. அக்கவலை நம் பாண்டியர்க்கும் இருந்ததுதான்.

பழந்தமிழகம் குதிரைக்குக் கடலையே நம்பியிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைச் சிவப்பணிக்குச் செலவிட்ட மணிவாசகர் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், கடலில் மாண்ட குதிரைக்கும் அரசர் கருவூலமே விலை கொடுத்தது என்றும் கூறுகின்றார். நாட்டின் பொன் இவ்வாறு கப்பலேறிச் சென்றது.

இங்கேயே குதிரை ஈனாதோ என்னும் ஐயம் எழும். உயர்ந்த இனப் பெட்டையும் உயர்ந்த இனப் பொலிகுதிரையும் கூடினும், கால் கோணிய, ஏறுதற்குதவாத குட்டியே பிறந்தது என்கின்றார் போலோ. பின்வந்தோர் பலர் இதனை நிலத்தின் குற்றமாகவே கொண்டனர். ஆனால் அதே பயணி வேறிரண்டு செய்திகளையும் தருகின்றார். குதிரைகளுக்கு இறைச்சியுடன் வேகவைத்த சோறு இடப்பெற்றது. குதிரை மருத்துவம் அறிந்தோர் நாட்டில் இலர். வணிகர்கள் அத்தகையோரை உடனழைத்து வாராததோடு, பிறர் செல்லவும் விடவில்லை. குதிரை சாகச்சாக அவர்தம் வாணிகம் வளர்ந்தது. குறை மண்ணில் இருந்ததினும் அறிவை மறைத்தலில் மிகுதியாக இருந்தது என்று நாம் கருதுகின்றோம்.

1808இல் பூசாவின் பொறுப்பேற்ற வில்லியம் மூர்கிராப்ட், பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவம் பயின்றவர். தாய்க்குதிரைக்கு நல்லுணவு வேண்டும் என்பதுணர்ந்து, பண்ணை நிலத்தில் ஓட்சு பயிரிட்டார். நல்ல பொலிகுதிரைகளை நாடி இமயங் கடந்து பொக்காரா வரை சென்றார். விழைந்த அளவு குதிரைகள் கிட்டவில்லை. 1825இல், திரும்பும் வழியில், ஆப்கன் நாட்டு ஆந்துகோயில் உயிர் நீத்தார். அவர் மறைவுக்குச் சற்று முன், 1824இல், நம் ஓசூர்ப் பண்ணையும் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பெற்றது.

பிற்கால ஆராய்ச்சி அவர் கருத்தை உறுதி செய்தது. பெட்டைக்குதிரை பகற்பொழுது நீளும் பருவத்தில்தான் முறையாகச் சினைப்பருவம் எய்தும். அது ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். குட்டி வயிற்றில் வளர்வது சுமார் 11 மாதம். உடல் மெலிந்த பெட்டைகள் சினைப்படுதல் குறைவு என்பதை 1980களில் அமெரிக்க நாட்டு ஹென்னெக் முதலியோர் உடற்கட்டை மதிப்பெண்ணிட்டு நிறுவினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருசிய அறிஞர் இவானோவ், செயற்கைமுறைச் சினையூட்டலைக் குதிரைகளிடம் பெருமளவில் கையாண்டார். 1930இல் கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்னும் இருவர், சினைக்குதிரையின் குருதியில் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன் ஒன்றைக் கண்டனர். இன்று பிற கால்நடைகளைச் சினைப்படுத்தவும் அது பயன்படுகின்றது.

நம் நாட்டில் 1985இல் அரியானாவின் இசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அமைந்தது. அதன் பிகானேர்க் கிளையில் 2023 மே 19 அன்று, ஒரு தாயின் வயிற்றிலிருந்து எடுத்த ஏழரை நாட் கருவை மாற்றுத்தாய்க்குதிரையில் வைத்து வளர்த்ததன் பயனாக மார்வாரிக் குட்டி ஒன்று 23 கிலோ எடையுடன் பிறந்தது. இராச்-பிரதம் என்று அதற்குப் பெயரிட்டனர். அருகிவரும் நாட்டினங்களைக் காக்க இம்முறை துணைநிற்கும்.

கடல்கடந்து பொன் கொடுத்தும் பாண்டியர் பெறாத ஒன்றை, இந்நாட்டு அறிஞர் இம்மண்ணிலேயே செய்து காட்டினர். அன்று வணிகர் மறைத்து வைத்த கலை இன்று கல்லூரிகளில் எவர்க்கும் கற்பிக்கப்படுகின்றது. நம் குடியிருப்புச் சிறார், மருத்துவமும் பொறியியலும் போன்றே கால்நடை அறிவியலையும் உயர்ந்த துறையாக எண்ணிப் பயில்வாராக. அடுத்தமுறை பூசா சாலையில் செல்லுங்கால், அப்பெயரின் பின்னுள்ள இந்நெடுங்கதையைப் பெற்றோர் அவர்கட்கு எடுத்துரைப்பாராக.