கூடாரத்தில் பிறந்த முகாம்

கதை எழுதுகிறவனுக்குப் பழைய கட்டடங்களிடம் ஒரு பலவீனம் உண்டு. எதைப் பார்த்தாலும், "இதற்குள் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள்?" என்று கேட்கத் தோன்றும். கிரிமியாவில் கருங்கடல் ஓரமாக இருக்கும் 'ஆர்த்தெக்' சிறுவர் முகாமின் சரித்திரத்தைப் படித்தபோதும் எனக்கு இந்தக் கேள்விதான் எழுந்தது.

1925-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி அது பிறந்தபோது கட்டடம் என்று ஒன்றுமே இல்லை. கரடி படுத்திருப்பது போலத் தோன்றும் ஆயு-தாக் மலைக்குப் பக்கத்தில் நான்கு கூடாரங்கள், 80 குழந்தைகள். சயரோகம் பற்றிவிடக்கூடிய பலவீனமான பிள்ளைகளுக்கு வெயிலும் கடற்காற்றும் மருந்தாகும் என்று எண்ணிய ஸினோவி ஸொலொவ்யோவ் என்ற வைத்தியரின் யோசனை அது. பிறகு கூடாரம் போய்ப் பலகை வீடு வந்தது. குளிர்காலத்திலும் தங்கும்படியான கட்டடங்கள் எழுந்தன. முப்பதுகளில், ஒரு காலத்தில் சீமான்கள் ஓய்வெடுக்க வந்த 'ஸூக்-ஸூ' மாளிகையும் பிள்ளைகள் வசமாயிற்று.

ஆனால் என் மனம் 1941-ம் வருஷத்தைத் தாண்ட மறுக்கிறது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்து சேரும் வேளையில், ஜூன் 22-ந் தேதி, ஜெர்மன் படை ஸோவியத் எல்லைக்குள் புகுந்துவிட்டது. பலர் வீடு திரும்பினார்கள். ஏறக்குறைய 200 பேருக்குத் திரும்பிப் போக வழியில்லை. அவர்களுடைய ஊர்கள் பகைவன் கையில். முகாமே மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோ, ஸ்டாலின்கிராட் என்று இடம் மாறி, கடைசியில் அல்தாய்ப் பிரதேசத்துப் பெலோகுரிகாவில் போய்த் தங்கியது. கோடை விடுமுறை மூன்றரை வருஷமாக நீண்டது! கோடைக்கென்று அம்மா மடித்து வைத்த சட்டை, சைபீரியக் குளிருக்கு எந்த மூலைக்கு?

யுத்தத்துக்குப் பின், அறுபதுகளில், பொல்யான்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அங்கே புது உலகமே படைத்தார். தொழிற்சாலையில் வார்த்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தினார். படுக்கையிலிருந்தே கடல் தெரியும்படி சுவர்களைக் கண்ணாடியாக்கினார்.

2014-ல் கிரிமியா ருஷ்யாவின் கைக்குப் போனது, முகாமும் போனது. உக்ரேன் தன் தலைநகர் கீவுக்கு அருகில் அதே பெயரில் வேறொரு முகாம் நடத்தத் தொடங்கியது. 2022-ல் யுத்தம் பெருகியபின், உக்ரேனியப் பிள்ளைகளை ருஷ்யா கொண்டுபோய் வைத்த இடங்களில் பழைய ஆர்த்தெக்கும் ஒன்று என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பேரில் 2023-ல் அமெரிக்கா அதன்மீது தடை விதித்தது.

வீடு திரும்ப முடியாத குழந்தைகளுக்கு ஒருமுறை தாயாக இருந்த இடம் அது. இன்று அதே இடத்தைக் காட்டி, "எங்கள் பிள்ளை எங்கே?" என்று கேட்கிறார்கள். கண்ணாடிச் சுவர் வழியே கடல் மட்டும் தெரிந்தால் போதுமா? வீட்டுக்குப் போகும் வழியும் அல்லவா தெரிய வேண்டும்!