யார் வீட்டு போன்?

டெலிபோனில் பேசுவது பக்கத்து ஆள் காதில் விழக்கூடாதென்றால் என்ன செய்வீர்கள்? வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவீர்கள், இல்லையா? அந்தக் கைக்குப் பதிலாக, பேசும் முனையில் மாட்டிக்கொள்ள ஒரு மூடி விற்றது அமெரிக்காவின் 'ஹஷ்-எ-போன்' கம்பெனி. அவ்வளவுதான் சமாசாரம். அதற்கே 'ஏ.டி. அண்ட் டி.'க்கு மூக்குக்கு மேல் கோபம்!

அங்கே அப்போது போன் கருவி, வாடகைக்கு விடப்பட்ட கம்பெனி சொத்து. அந்நியப் பொருளை மாட்டினால் சேவை கெடும் என்றார்கள். அரசின் தகவல்தொடர்பு கமிஷனும் தலையாட்டியது. கையால் பொத்தலாம், மூடியால் கூடாது என்பது நியாயமில்லை என்று 1956-ல் அப்பீல் கோர்ட்தான் சொன்னது.

அடுத்து, டெக்ஸாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். வயர்லெஸ் ரேடியோவை போனோடு இணைக்கும் கருவிக்காக மல்லுக்கு நின்று, 1968-ல் கமிஷனிடமே ஜெயித்தார். ஆன்ஸரிங் மெஷின், மோடமெல்லாம் தாராளமாக நுழைந்தது அந்த வாசலில்தான். நெட்வொர்க் கெட்டுப்போனால்? 1975-ல் கமிஷன் அதற்கும் வழி சொன்னது: பொதுவான தரவிதிகள். பாஸானால் யார் செய்த கருவியையும் மாட்டலாம்.

இப்போது உங்கள் சட்டைப்பைக்கு வருவோம். ஐபோன் வாடகைப் பொருளல்ல. நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. ஆனால் 2008-ல் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது, சாதாரண வாடிக்கையாளருக்கு அந்த ஒரே கடைதான். காரணம் கேட்டால், பாதுகாப்பு! ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்ட பிறகே, 2024 மார்ச்சில் அங்கே வேறு ஆப் கடைகளுக்கும் கதவு திறந்தது.

திருட்டு ஆப் பயம் பொய்யல்ல. காவல் வேண்டும்தான். ஆனால் காவல்காரரே கடைக்காரராகவும் இருந்தால், அவர் தடுப்பது திருடனையா, போட்டிக்காரனையா? எப்படித் தெரியும் உங்களுக்கு? அதனால்தான் 1975-ல் விதியை எழுதும் வேலையை கம்பெனியிடம் விடவில்லை.