நான்கு பவுண்டு ரம்பம்

சில வருடங்களுக்கு முன் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 'கார் பூட் சேல்' நடக்கும். ஒரு புல்வெளியில் வரிசையாகக் கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாததையெல்லாம் பரப்பி வைத்துவிடுவார்கள். நம்மூர் வாரச்சந்தை மாதிரிதான், குளிர் மட்டும் கூடுதல். அப்படி ஒரு காலையில், பழைய டீ கோப்பைகளுக்கும் உடைந்த பொம்மைகளுக்கும் நடுவே துருவேறிய கைரம்பம் ஒன்று கிடந்தது. விலை நான்கு பவுண்டு. எனக்குத் தச்சு வேலை தெரியாது. கைப்பிடியின் வளைவு பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். ஒரே வருடத்தில் பதினொரு ரம்பங்கள் சேர்ந்துவிட்டன. அறைத்தோழன் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

பழைய ரம்பம் வாங்குவதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. முதலில் கைப்பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பல் வரிசையை நீளவாக்கில் பார்க்க வேண்டும். மெதுவான வளைவு என்றால் சரிசெய்யலாம். ஓரிடத்தில் மட்டும் மடங்கியிருந்தால் கீழே வைத்துவிடுவது நல்லது. மேலோட்டமான துரு போய்விடும், ஆனால் பல்லுக்குப் பக்கத்தில் குழி விழுந்திருந்தால், அரம் போடப் போட அந்தக் குழி பல் நுனிக்கே வந்து சேரும். கைப்பிடியை இறுக்கும் பித்தளைத் திருகுகளையும் பார்க்க வேண்டும். பழையவற்றில் மரையின் தலை கைப்பிடியோடு சமமாக, நடுவே பிளவோடு இருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகினால் அந்தப் பிளவு சிதைந்துவிடும். முதல் ரம்பத்தில் நான் செய்தது அதைத்தான்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு டிஸ்டன்தான் குலதெய்வம். ஹென்றி டிஸ்டன் இங்கிலாந்தில் 1819இல் பிறந்தவர். 1833இல் ஃபிலடெல்ஃபியாவில் வந்து இறங்கிய சில நாட்களிலேயே அப்பா இறந்துபோக, ரம்பப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். 1840இல் சொந்தப் பட்டறை. 1855இல் தனக்கான எஃகைத் தானே உருக்க ஆரம்பித்துவிட்டார். டிஸ்டன் ரம்பத்தின் கைப்பிடியில் இருக்கும் பித்தளை வில்லையைப் பார்த்தே அதன் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். நிறுவனத்தின் பெயர் 1865இல் 'அண்ட் சன்' ஆனது, 1871இல் 'அண்ட் சன்ஸ்' ஆனது. மகன்கள் கூட்டாளிகளாகச் சேரச் சேர வில்லையின் எழுத்தும் மாறியது.

என் ரம்பத்தில் அந்த வசதி இல்லை. வில்லையில் 'வாரண்டட் சுப்பீரியர்' என்று பொதுவாக ஒரு வார்த்தை. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வகை அது. துருவைத் தேய்த்து எடுத்தபோது தகட்டில் இரண்டு சொற்கள் மங்கலாகத் தெரிந்தன: 'காஸ்ட் ஸ்டீல்'. பக்கத்தில் 'ஷெஃபீல்ட்'. செய்தவர் பெயர் இருந்த இடம் அரித்துப் போயிருந்தது. சைமன் பார்லி 2014இல் பிரிட்டிஷ் ரம்பத் தயாரிப்பாளர்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டிருக்கிறார். பெயர் தெரிந்தால்தானே அதில் தேட முடியும்?

'காஸ்ட் ஸ்டீல்' என்பது அந்தக் காலத்துத் தர முத்திரை. மூசையில் உருக்கிய எஃகு என்று பொருள். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், கடிகாரச் சுருளுக்கு நல்ல எஃகு கிடைக்காமல் 1740களில் ஷெஃபீல்டு பக்கம் குடிவந்து கண்டுபிடித்த முறை. மூசை எஃகு என்றதும் நமக்குக் கொடுமணல் ஞாபகம் வரும், 'ஊட்ஸ்' ஞாபகம் வரும். தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மூசையில் எஃகு செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஹன்ட்ஸ்மன் நம்மிடமிருந்து கற்றார் என்பதற்குச் சான்று கிடையாது. ஊட்ஸ் மாதிரிகளை லண்டனில் ஆராய்ந்து கட்டுரை வாசித்ததே 1795இல்தான். அந்தப் பெருமையை இங்கே கொண்டுவந்து ஒட்ட எனக்கு மனசில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு விஷயம். ரம்பத்தைச் சுத்தம் செய்து, பல்லுக்கு அரம் போட்டு, ஒரு பைன் பலகையை அறுத்துப் பார்த்தேன். எங்கேயும் சிக்காமல் இறங்கியது. கடையில் வாங்கிய புது ரம்பம் அதே பலகையில் பாதியிலேயே இறுகி நின்றது. காரணம் தெரிந்துகொள்ள டிஜிட்டல் காலிப்பரால் அளந்தேன். பழைய ரம்பத்தின் தகடு பல் பக்கம் தடிமனாகவும், முதுகுப் பக்கம் மெல்லியதாகவும் இருந்தது. முதுகு மெலிந்திருப்பதால் பலகை தகட்டைக் கவ்வுவதில்லை. பற்களை இடமும் வலமுமாக அதிகம் விரிக்கவும் தேவையில்லை.

ஒரு தலைமுடி அளவுதான் வித்தியாசம். அதை யார் செய்தது?

சாணைக்காரர்கள். ஆளுயரத்துக்குச் சுழலும் மணற்கல் சக்கரத்தின் மீது, உடம்பின் பாரத்தால் தகட்டை அழுத்தி, கண்ணாலும் கையாலும் அளந்து மெலிய வைத்தவர்கள். ரம்பத்துக்கு ஈரச்சாணைதான், தண்ணீர் ஓடும். அப்படியும் தூசியிலிருந்து தப்ப முடியாது. சக்கரத்தைச் சமன்செய்யும்போது கல்தூள் புகையாக எழும். சில சமயம் கல்லே வெடித்துச் சிதறும். ஷெஃபீல்டு சாணைக்காரர்களில் உலர்சாணை பிடிப்பவர் சராசரியாக முப்பத்தைந்து வயதைத் தாண்டுவதே அரிது, ஈரச்சாணை பிடிப்பவர் நாற்பத்தைந்தைத் தாண்டுவது அரிது என்று ஒரு மருத்துவரின் கணக்கை எங்கெல்ஸ் தன் 1845 நூலில் எடுத்தாள்கிறார். அதே பக்கங்களில் அதைவிடத் துயரமான ஒன்றும் இருக்கிறது. தூசியை இழுத்துக்கொள்ளும் கருவிகளைச் சாணைக்காரர்களே சில இடங்களில் எதிர்த்தார்களாம், உடைத்தும் போட்டார்களாம். தொழில் பாதுகாப்பானதாகிவிட்டால் ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி இறங்கும். நுரையீரலைக் கொடுத்துக் கூலியைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இதைப் படித்த பிறகுதான் வில்லியம் பிராட்ஹெட் எனக்குக் கொஞ்சம் புரிந்தார். ரம்பச் சாணைக்காரர் சங்கத்தின் செயலாளர், ஒரு மதுக்கடையும் நடத்தியவர். சந்தா கட்டாதவரின், விதியை மீறியவரின் சக்கரத்தை ஓட்டும் தோல்பட்டை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். பாக்கியைக் கட்டினால் திரும்பி வரும். எலி எடுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அது அந்த ஊர் வழக்கம். பிராட்ஹெட் அத்தோடு நிற்கவில்லை. சங்க வரம்புக்கு மேல் பையன்களைத் தொழிலுக்கு எடுத்துக்கொண்ட ஜேம்ஸ் லின்லி என்ற சாணைக்காரரை 1859இல் காற்றுத் துப்பாக்கியால் சுட வைத்தார். லின்லி சில மாதங்கள் கழித்து அந்தக் காயத்திலேயே இறந்தார். 1866 அக்டோபரில், சங்கத்தை விட்டு விலகிய ஃபெர்னிஹோ என்பவர் வீட்டு நிலவறையில் வெடிமருந்து வெடித்தது. அதில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் நாடே கொதித்தது. 1867இல் விசாரணைக் குழு ஷெஃபீல்டுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்றார்கள். கூலி கொடுத்துச் செய்யவைத்தது நான்தான் என்று பிராட்ஹெட் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். தண்டனையில்லாமல் வெளியே போனார்.

கொலை கொலைதான். லின்லியும் அதே தூசியை மூச்சில் இழுத்தவர். ஆனால் அதே 1867இல், சங்கப் பணத்தை ஒருவன் அமுக்கிக்கொண்டாலும் சட்டம் அதைக் காப்பாற்றாது என்று வேறொரு வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருந்தது. சந்தா பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாதவர்கள் இருட்டில் போய்த் தோல்பட்டையைத் திருடினார்கள். 1871இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஷெஃபீல்டு அவமானத்தில் தொடங்கிய விசாரணை, கடைசியில் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைப்பதில் போய் முடிந்தது.

நான் வேலை செய்யும் துறையில் சங்கம் என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆட்குறைப்புக் காலத்தில், பக்கத்து டீமில் புதிதாக எத்தனை ஃப்ரெஷர்களை எடுத்திருக்கிறார்கள் என்று நாங்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்த பயம் லின்லியைச் சுட்டவர்களின் பயத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று இப்போது தோன்றுகிறது.

ஊர் திரும்பும்போது பத்து ரம்பங்களைக் கொடுத்துவிட்டு அந்த முதல் ரம்பத்தை மட்டும் கொண்டுவந்தேன். அதன் கைப்பிடியில் மூன்று பேர் தங்கள் முதலெழுத்துகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து அதை வைத்திருந்த தச்சர்களாக இருக்க வேண்டும். சாணை பிடித்தவருக்கு அதில் இடமில்லை. இன்று கடையில் கிடைக்கும் ரம்பங்களில் பெரும்பாலும் பல் நுனியை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். அதில் அரம் ஏறாது, மழுங்கினால் குப்பைத்தொட்டிதான். இதற்கு இன்னும் அரம் போடலாம். வருடத்துக்கு ஒருமுறை போடுகிறேன். முடித்ததும் முதுகுப் பக்கத்தை விரல்களுக்கு நடுவே வைத்து நகர்த்திப் பார்ப்பேன். அந்த மெலிவு கைக்குத் தெரியும்.